காயம்பட்ட சாரை



பாம்பைக் கண்டதும் நம் கை தேடுவது தடியைத்தான். அது நஞ்சுள்ளதா, வந்த வழியே போகப் பார்க்கிறதா என்று எண்ணுவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. நம்மவருள் சிலர் இதற்குச் சமயக் காரணமும் காட்டுவர். ஏதேன் தோட்டத்து வரலாற்றைச் சொல்வர். மாதா சுரூபத்தின் பாதத்தடியில் கிடக்கும் பாம்பைச் சுட்டுவர். அச்சுரூபத்தில் மிதிபடுவது பாவத்தின் அடையாளம். நம் வரப்பில் எலி தேடித் திரியும் எளிய உயிரின்மீது அந்தப் பழியை ஏற்றுவது முறையாகுமா?

சென்ற தை மாதம், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் என்னைத் தனியே மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். மூலையில் வாயைத் துணியால் கட்டிய ஒரு மண்பானை இருந்தது. அதனுள் ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள சாரைப்பாம்பு! மணிலாப் பயிரைச் சுற்றி அவன் தந்தை கட்டியிருந்த நைலான் வலையில் அது சிக்கிக்கொண்டதாம். விடுபட முறுக்கிய முறுக்கில் இழைகள் நடுவுடலில் சதைவரை இறங்கியிருந்தன. பெரியவர்கள் காணுமுன் சிறுவன் வலையை அறுத்து, அதனை எடுத்து வந்து ஒளித்து வைத்திருந்தான். மூன்று நாட்களாகப் பால் வைக்கிறான். பெயரும் சூட்டிவிட்டான்.

"பாட்டிக்குத் தெரிஞ்சா அடிச்சிடுவாங்க சாமி. நானே வளர்க்கறேன். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்று கெஞ்சினான்.

அவன் இரக்கத்தை மெச்சினேன். ஆயினும் இரக்கத்திற்கு அறிவும் துணை நிற்க வேண்டும் அல்லவா? பாம்பு பால் குடித்து வாழும் உயிரினம் அன்று. தாகத்தால் வாடும்போது எதை வைத்தாலும் பருகும்; பாலோ அதற்குச் செரிப்பதில்லை. காயம்பட்ட பாம்புக்கு முதலில் வேண்டுவன இருள், அமைதி, தண்ணீர், இளஞ்சூடு ஆகியவையே. அது தன் உடலின் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுவதால், குளிரில் செரிமானம் தளரும்; புண் ஆறவும் நாளாகும். வாரக்கணக்கில் உண்ணாமலிருக்க அதனால் இயலும். வற்புறுத்தி ஊட்டினால், உண்டதைக் கக்கி மேலும் சோர்ந்துவிடும். ஆறிய பின்னரும், சட்டை உரிக்கும்போது தழும்புள்ள இடத்தில் பழைய தோல் ஒட்டிக்கொள்வதுண்டு. இத்தனையும் அறிந்து பேணுவது ஒரு சிறுவனால் ஆகக்கூடியதா? மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சாரையைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றமுமாகும்.

அவன் தந்தையை அழைத்து உண்மையைச் சொன்னோம். அவர் வனத்துறைக்குத் தொலைபேசியில் செய்தி தெரிவித்தார். வனக்காவலர் வந்துசேர மாலையாகும் என்றும், அதுவரை பாம்பறிந்த இருளர் எவரேனும் அருகிலிருந்தால் வலையை மட்டும் நீக்கச் சொல்லுங்கள் என்றும் பதில் வந்தது. ஊருக்கு வெளியே உள்ள இருளர் குடியிருப்பிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவ்வீட்டுப் படியைத் தாண்டி அவர் ஒருநாளும் உள்ளே அழைக்கப்பட்டதில்லை.

கொட்டகைக்கு அவரை நானே அழைத்துச் சென்றேன். அவர் பாம்பின் கழுத்தை நெரிக்கவில்லை. உடலின் பாரத்தைக் கைகளில் தாங்கிக்கொண்டார். சிறிய கத்தரியால் இழைகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார். காய்ச்சி ஆறவைத்த நீரால் புண்ணைக் கழுவினார். "வலிக்குதுன்னு அதுக்குக் கத்தத் தெரியாது சாமி. நாமதான் பார்த்துக்கணும்" என்றார்.

இந்த அறிவு வழிவழியாக வந்தது. ஒரு காலத்தில் இருளர் பலர் பாம்புத்தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்தனர். 1976-இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அப்பிழைப்பு அற்றுப்போயிற்று. பின்னர், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தார் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை அரசின் அனுமதியோடு பிடிக்கின்றனர். மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து அந்த நஞ்சைக்கொண்டே ஆக்கப்படுகிறது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. அம்மருந்து எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பதை இதனால் உணரலாம். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவுடைய மக்களைத்தான் நாம் வாசலில் நிறுத்துகிறோம்!

அன்று அவ்வீட்டுப் பாட்டியம்மாள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதியவர் கைகழுவி வந்ததும், தாமே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "திண்ணையில உட்காருங்க" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார்.

மாலையில் வந்த வனக்காவலர் பாம்பைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றார். ஒரு மாதத்திற்குப்பின், புண் ஆறிய சாரையை அவ்வூர் ஏரிக்கரைப் புதர் அருகே விட்டபோது சிறுவனையும் அழைத்திருந்தனர். நானும் சென்றேன். பையின் வாய் அவிழ்ந்ததும் அது ஒரு கணம் நாவை நீட்டிப் பார்த்தது. பிறகு விரைந்து புதருக்குள் மறைந்தது.

"திரும்பிக்கூடப் பார்க்கலையே சாமி!" என்றான் சிறுவன். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அது நடக்கவேண்டிய வழியில் நடக்கிறது தம்பி. அதற்காகத்தானே நீ வலையை அறுத்தாய்?" என்றேன்.

நமக்கு நன்றி சொல்லவேண்டும், நம்மோடேயே இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்துச் செய்யும் உதவி பாதி உதவிதான். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், நோயாளிகளைப் பேணுவோருக்கும், என்போன்ற குருக்களுக்கும் இது பொருந்தும்.

இதைப் படித்துவிட்டு எவரும் பாம்பைத் தொடத் துணிய வேண்டா. நல்லபாம்பைச் சாரையென்று எண்ணி ஏமாந்தவர் பலர். காயம்பட்ட பாம்பைக் கண்டால் விலகி நின்று, குழந்தைகளையும் நாய்களையும் அப்புறப்படுத்தி, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லுங்கள். கடிபட்டுவிட்டால், கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், மந்திரிக்க அலையாமலும், உடனே அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சென்ற வாரம் அவ்வழியே போனேன். அறுவடை முடிந்த கொல்லையில் சிறுவனின் தந்தை, வரப்பில் கிடந்த கிழிந்த வலைகளையெல்லாம் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். மகன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.