துருத்தியும் துவிசக்கரமும்

ஊர்ப்பெயர்கள் பல, தமக்குக் காரணமான பொருள் மறைந்த பின்னரும் அதன் நினைவை மறவாது காத்து நிற்பன. மயிலாடுதுறைக்கு மேற்கே காவிரியின் தென்கரைக்கண் உள்ள குத்தாலம் அத்தகையதோர் ஊர். தேவாரத்துள் அதன் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்பது ஆற்றிடைக்குறை. அஃதாவது, ஆறு இருகூறாய்ப் பிரிந்தோடும் இடத்து நீர் சூழ நிற்கும் திட்டு. இன்று குத்தாலம் தீவன்று. கரையோடு கரையாய் நிற்கும் ஊரே. ஆயினும் சற்றே விரிவாக நோக்குவார்க்கு அப்பழம்பெயர் பொய்யாகாது. வடக்கே கொள்ளிடம், கிழக்கே கடல், இடையிடையே காவிரியும் அதன் கிளைகளும் ஓடுதலின், இந்நாடு முழுவதும் பல துருத்திகளின் தொகுதியென்றே கூறலாம்.

இத்துருத்தி நாட்டைக் காண்டற்கு உரிய ஊர்தி யாது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். சென்ற பொங்கல் விடுமுறையில் யாம் நால்வர் குத்தாலத்தினின்று பூம்புகார்வரை துவிசக்கர வண்டிகளிற் சென்று மீண்டோம். போகும் வழி ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பேருந்துகள் ஓடும் பெருஞ்சாலையை இயன்றவரை விலக்கி, ஆற்றங்கரை வழிகளையும் சிற்றூர்ச் சாலைகளையுமே பற்றிச் சென்றோம். அச்செலவினால் எமக்கு உறுதிப்பட்ட கருத்து இது: காவிரிக் கரைவழிகளுட் சிலவற்றையேனும் மோட்டார் வண்டிகளின் இரைச்சல் புகாமல், நடப்பார்க்கும் மிதிப்பார்க்கும் உரியனவாக விட்டுவைத்தல் வேண்டும், நம் கல்லூரி மாணாக்கர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் அவ்வழிச் செல்லுதலும் வேண்டும்.

பேருந்திற் செல்வோன் இந்நாட்டைப் பார்க்கிறான்; மிதித்துச் செல்வோன் அதனைக் கற்கிறான். இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். திருச்சிராப்பள்ளியிற் கடல்போல் அகன்று தோன்றும் காவிரி, பூம்புகாரிற் கடலை அணுகுங்கால் ஒரு வாய்க்கால் அளவாய்ச் சுருங்கிவிடுகின்றது. பேருந்தில் வந்திறங்குவோர் அதனைக் கண்டு, 'இதுதானா காவிரி!' என்று இரங்குவர். யாமும் முன்னர் அவ்வாறே இரங்கினோம். ஆனால் இம்முறை வழிநெடுக எத்தனை மதகுகள், எத்தனை தலைவாய்க்கால்கள் என்று நின்று நின்று பார்த்துச் சென்றமையால், அவள் மெலிவு வறுமையால் வந்ததன்று, வழங்கியதால் வந்தது என்பதை உணர்ந்தோம். இருபுறமும் முற்றித் தலைசாய்த்திருந்த சம்பா நெல்லே அதற்குச் சான்று. அறுவடை முந்திய ஊர்களிற் சாலையின் பாதியில் நெல்லைக் காயப் பரப்பியிருந்தனர். யாம் இறங்கி ஓரமாக வண்டியைத் தள்ளிச் சென்றோம். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி, 'எந்த ஊருப் பிள்ளைங்க? தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்றாள். காரிற் பறப்பாரை அவள் எங்ஙனம் அழைத்தல் கூடும்?

தமிழ் பயில்வார் இவ்வழியைப் புதிதென்று எண்ணார். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிற் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரினின்று மேற்கு நோக்கி நடந்தது இந்நாட்டின் வழியேதான். நாளொன்றுக்கு ஒரு காவதத்தின் மேற் கடவாது அவர் சென்றனர். நீர்க்கரை வழியிற் செல்வோர் நண்டையும் நத்தையையும் அறியாது மிதித்து வருத்துதல் கூடும் என்று கவுந்தியடிகள் அஞ்சியதும் அக்காதையுள் உண்டு. காலடியில் ஊரும் சிற்றுயிரைக் காணும் அளவிற்கு மெல்லச் செல்வதே செலவு என்பது அடிகள் கொள்கை போலும். துவிசக்கரம் நடையினும் விரைவுடையதே. எனினும் எதிரே நண்டு கடந்தால் நிறுத்துதற்கு அதில் இடமுண்டு. லாரியில் அஃது இல்லை.

இதனை மறுப்பார் கூறுவன சில உள. வெயிலும் புழுதியும் பெரிது என்பர். விடியுமுன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதிக்கு மேற்பட்ட வழி கடந்துவிடும். நிலம் கடலை நோக்கிச் சிறிதே சாய்ந்த சமதளமாகலின், ஏற்றம் என்பது பாலங்களின்மேல் அன்றி யாண்டும் இல்லை. தை மாதத்து வாடைக்காற்று போகும்போது எதிர்த்து, மீளும்போது முதுகிற் கைவைத்துத் தள்ளும். வண்டி பழுதுபடும் என்பர். எமக்கும் ஒரு பஞ்சர் நேர்ந்தது. சிற்றூர்க் கடைக்காரர் ஒருவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தை ஒட்டித் தந்தார். அரைமணி நேரமும் ஆகவில்லை. பெண்பாலார்க்கு இஃது ஏலாது என்பர். 1990-களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்டிர்க்குப் பயிற்றிய வரலாற்றை அவர் அறியார் போலும்.

ஆனால் மறுப்பார் கூறாத தடை ஒன்று உண்டு. அதனை யாமே கூறக் கடமைப்பட்டுள்ளோம். வழியில் ஓர் ஊரின் தெருமுனையில், எம்முள் ஒருவர் வண்டியினின்று இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். பஞ்சரோ என வினவினோம். 'இல்லை, சிறுவனாய் என் பாட்டனோடு இத்தெருவழி வருங்கால், அவர் இங்கே இறங்கித்தான் நடப்பார். அப்பழக்கம் என் காலில் இருக்கிறது போலும்' என்றார். அத்தெருவில் எவரும் எம்மைத் தடுக்கவில்லை. திண்ணையில் இருந்தோர் எம்மை ஏறிட்டும் நோக்கவில்லை. ஆயினும் அவர் பாட்டனாரை இறக்கிய சொல் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தது. யாம் மூவரும் இறங்கினோம். பின்னர் அவரே சிரித்து, 'ஏறுங்கள், ஏறியே போவோம்' என்றார். நால்வரும் மணியடித்துக்கொண்டு அத்தெருவைக் கடந்தோம். அமைதியான செலவு என்று புகழ்ந்து பேசுவோர், அவ்வமைதி யார்யார்க்கு வாய்த்தது, யார்யார்க்கு வாய்க்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எல்லாரும் இருக்கையில் அமர்ந்தபடியே செல்லக்கூடிய வழியே நல்வழி.

பிறநாட்டார் செய்துள்ளதையும் நோக்குவோம். அமெரிக்க நாட்டு மாக்கினாக் தீவில் 1898-ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்தனர். இன்றும் அங்கே குதிரைவண்டியும் சைக்கிளுமே வழங்குகின்றன. 1620-ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டிய டென்மார்க்கு நாட்டாரின் பார்ன்ஹோம் தீவில் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சைக்கிள் வழிகள் உள. அவையெல்லாம் செல்வர் நாடுகள் என்று கூறித் தப்புதல் முறையன்று. நமக்குப் புதிய வழி சமைக்கவும் வேண்டுவதில்லை. கரை ஏற்கெனவே உள்ளது. மேனிலைப் பள்ளி மாணாக்கர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்கியும் வருகின்றது. கரையின் மேல் பாரவண்டிகள் ஏறாமற் காத்தலும், நிழல் மரங்களை வெட்டாது விடுதலுமே வேண்டற்பாலன. உழுவார் வண்டியும் நோயாளரை ஏற்றிய வண்டியும் செல்லத் தடையில்லை. அவை அவ்வூரார்க்கு உயிர்.

அன்பார்ந்த மாணாக்கர்காள்! உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திற் பள்ளிநாளில் ஓட்டிய மிதிவண்டி ஒன்று துருவேறிச் சாய்ந்திருக்கும். அதன் சங்கிலிக்குச் சிறிது எண்ணெய் இடுங்கள், சக்கரங்களிற் காற்றடையுங்கள். வருகின்ற தைத் திங்களில் ஆணும் பெண்ணுமாய், எல்லாத் தெருவினரும் ஒருங்கே, குத்தாலத்தினின்று கடல்வரை செல்வோம். எம் தோழர் பாட்டனார்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவரால் மிதிக்க இயலாது. கேரியரில் அமர்த்தி அழைத்துச் செல்வதாக வாக்களித்துள்ளோம். அத்தெருவில் அவர் இறங்கமாட்டார்.