புது ஊரும் ஒரு பென்சிலும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உடல்நலம் பேண வேண்டும் என்பதற்காகப் பெரியோர் இதைச் சொல்வர். நாங்கள் அதைச் சற்றே மாற்றிச் சொல்ல விரும்புகிறோம். சித்திரம் எழுதிப் பார்த்தால்தான் சுவரே நம் கண்ணுக்குத் தெரிகிறது! வெளியூர் செல்லும்போதும், புதிய இடத்தில் வாழத் தொடங்கும்போதும் நம் கையில் ஒரு பென்சிலும் சில வெள்ளைத்தாள்களும் இருத்தல் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

சென்ற ஆண்டு நாங்கள் மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றோம். அன்று ஒருநாள் மட்டும் கைப்பேசி கொண்டுவர அனுமதி கிடைத்தது. விடுவோமா? அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் தனியாகவும் கூட்டமாகவும் நின்று படம் எடுத்துத் தள்ளினோம். பள்ளிக்குத் திரும்பியபின் வரலாற்று ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பாறையிலுள்ள யானைகள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன?” வகுப்பில் அமைதி. எடுத்த படங்களை நினைத்துப் பார்த்தோம். யானைகளை எங்கள் தலைகளே மறைத்திருந்தன!

அப்போது எழுந்தவள், அன்று எங்களோடு படத்திற்கு நிற்காமல் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி. “யானைகள் வலப்பக்கம் நின்று, நடுவிலுள்ள பிளவை நோக்குகின்றன, மிஸ். அங்கே ஒரு பூனையும் தவம் செய்கிறது” என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பெரிய யானையின் அருகே ஒரு பூனை நிமிர்ந்து நின்று, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவக்கோலம் காட்டுகிறது, சுற்றிலும் எலிகள்! பல்லவச் சிற்பியின் அந்த நகைச்சுவையை எங்களுள் ஒருத்தி மட்டுமே கண்டாள். காரணம், அவள் அரைமணி நேரம் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமராவை நாங்கள் பழிக்கவில்லை. அதுவும் ஒரு கலைதான். ஆயினும் ஒரு நொடியில் படம் பிடித்துவிட்டால், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனம் சோம்பிவிடுகிறது. பென்சிலோ நம்மைச் சோம்பவிடாது. இந்தத் தூண் அந்த மரத்தைவிட உயரமா? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கேள்வி கேட்டு, விடை காணும்வரை நம்மை நிமிர்ந்து பார்க்கச் செய்கிறது.

பயணத்தையும் ஓவியத்தையும் தம் வாழ்வில் இணைத்த ஒரு பெண்மணியை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். இங்கிலாந்தில் 1830இல் பிறந்தவர் மரியான் நார்த். தந்தையின் மறைவுக்குப் பின், நாற்பது வயதை எட்டிய நிலையில், 1871இல் தூரிகையும் வண்ணங்களுமாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, பிரேசில், ஜப்பான், இலங்கை எனச் சென்ற அவர், 1877இன் இறுதியில் தூத்துக்குடி வழியாக நம் நாட்டிற்குள் வந்து, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைக் கண்டார். சென்ற இடமெல்லாம் மரங்களையும் மலர்களையும் அவை வளரும் இடத்திலேயே வைத்து வரைந்தார். அவருடைய 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் அவரே கட்டித் தந்த கூடத்தில் உள்ளன. 1882இல் திறக்கப்பட்ட அக்கூடத்தில், ஒட்டி ஒட்டி மாட்டப்பட்ட படங்களுக்கிடையே சுவரே தெரிவதில்லை!

அவரிடம் செல்வம் இருந்தது, சென்றாரே என்று சிலர் கேட்கலாம். மெய்தான். அதோடு இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் தமிழகம் வந்த காலம், 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் மக்களை வாட்டிய காலம். அவருடைய தூரிகையோ பெரும்பாலும் செடிகொடிகளையும் கட்டடங்களையுமே நாடியது. ஆகவே, வரைகிறோம் என்பது மட்டும் போதாது. எதைப் பார்த்து வரைகிறோம் என்பதும் முக்கியமாகும். புதிய ஊர் என்பது அதன் மரமும் கோபுரமும் மட்டுமன்று. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்.

மனிதரைப் பார்த்தவர் அம்ரிதா ஷெர்கில். தந்தை பஞ்சாபியர், தாய் ஹங்கேரி நாட்டவர். 1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, எட்டு வயதில் சிம்லாவுக்கு வந்து, பதினாறு வயதில் ஓவியம் பயிலப் பாரிஸ் சென்று, 1934இல் மீண்டும் இந்தியா திரும்பியவர். எத்தனை முறை இடமாற்றம் பாருங்கள்! திரும்பி வந்த நாட்டை அவர் வரைந்து வரைந்தே அறிந்துகொண்டார். 1936-37இல் அஜந்தா, கொச்சி, கன்னியாகுமரி என்று தெற்கே பயணம் செய்தார். 1937இல் அவர் தீட்டிய ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ என்ற ஓவியத்தில் கறுத்த மேனியரான எளிய மக்களே நாயகர்கள். 1941இல் தம் 28ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆனால் எந்த ஊரிலும் முழுமையாகப் பிறந்து வளராத அவரை இன்று இந்திய நாடே தன் மகள் என்று கொண்டாடுகிறது.

பெரியோர் கதை இருக்கட்டும். எங்கள் விடுதியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு சிறுமி விடுதியில் வந்து சேர்ந்தாள். சமவெளியின் வெயிலும் புழுக்கமும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யாரோடும் பேசமாட்டாள், இரவில் போர்வைக்குள் அழுவாள். ஓய்வு நேரத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருப்பாள். நாங்கள் அவளை ‘ரவிவர்மா’ என்று கேலி செய்தோம். ஒருநாள் அவளுடைய நோட்டைப் பிடுங்கிப் பார்த்தோம். முதல் பக்கங்களில் அவள் ஊர் மலைகள். பிறகு, விடுதிக் கிணற்றின் உருளை. வேப்பமரம். மணிக்கு மேலே, உத்தரத்தின் இடுக்கில் ஒரு புறாக்கூடு. அடுத்த பக்கத்தில், மாவு ஆட்டிக் களைத்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் சமையல்கார அம்மா.

ஆறாண்டுகளாக அந்த மணியோசைக்கு எழுந்து நடந்த எங்களுக்குப் புறாக்கூடு இருப்பது தெரியாது. சமையல்கார அம்மா களைத்துப் போவார் என்பதும் எங்களுக்குத் தோன்றியதில்லை. நேற்று வந்தவள் கண்டுவிட்டாள்! நோட்டைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவள் சொன்னது ஒன்றே: “வரைஞ்சா பயம் போயிடுது அக்கா.” ஆம், பழகாத இடம்தான் அச்சமூட்டும். வரைந்த இடமோ பழகிய இடமாகிவிடுகிறது.

ஆகவே எங்கள் விண்ணப்பங்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். மதிப்பிற்குரிய சகோதரியரே, ஆசிரியைகளே! ஓவிய வகுப்பு நேரத்தைக் கணக்குத் தேர்வுக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாகி வருகிறது. கணக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓவியத்திற்கு உரிய நேரத்தை ஓவியத்திற்கே விட்டுவிட வேண்டுகிறோம். ஒவ்வொரு சுற்றுலாவிலும் கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து வரைய வகை செய்யுங்கள். விடுதியில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு சிறுமிக்கும் கோடிடாத நோட்டு ஒன்று கொடுங்கள்.

அன்புப் பெற்றோரே! பணிமாற்றத்தால் வீடு மாறும்போது, பிள்ளையின் பெட்டியில் பாடப்புத்தகங்களோடு ஒரு பென்சிலையும் வையுங்கள். ‘படத்தால் மார்க் வருமா?’ என்று கேளாதீர்கள். புது ஊரில் அழாமல் உறங்கும் பிள்ளை மறுநாள் நன்றாகப் படிக்கும் அன்றோ?

தோழியரே! நமக்கு வரைய வராது என்று பின்வாங்க வேண்டாம். கோடு கோணலாக இருந்தால் என்ன? கண்காட்சிக்கா அனுப்பப் போகிறோம்? ஒரு வாசற்படியையோ, ஒரு செருப்பையோ எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் பெரிய வடிவத்தை மெல்லிய கோட்டால் வரைந்து, பிறகு உள்ளே செல்வோம். கீழே நாளும் இடமும் எழுதுவோம். பத்தாண்டுகள் கழித்து அந்தத் தாளைப் புரட்டும்போது, அன்றைய வெயிலும் நம் அருகில் வந்து எட்டிப்பார்த்தவர் முகமும் நினைவில் எழும்.

இவ்வாண்டு இறுதித்தேர்வு முடிந்ததும் எங்களுள் பலர் இப்பள்ளியை விட்டு, முன்பின் தெரியாத ஊர்களுக்குச் செல்லவிருக்கிறோம். அங்கே அந்தச் சிறுமியைப்போல நாங்களும் புதியவர்கள். பெட்டியில் பென்சிலை இப்போதே எடுத்து வைத்துவிட்டோம்.