நேரம் இல்லை என்போருக்கு

விடியற்காலையில் போடிநாயக்கனூரில் நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. சோற்றுத் தூக்குவாளியுடன் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறுகின்றனர். ஏலக்காய்ச் சரங்கள் செடியின் அடித்தூரிலிருந்து கிளம்புபவை. ஆதலால் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க வேண்டும். இவர்களிடம், "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று கூற நமக்கு நா எழுமா? இவர்களுக்கு வேண்டுவன ஓய்வும், வளைந்த முதுகை நிமிர்த்திக்கொள்ளச் சிறு இடைவேளையுமே.

ஆனால் அதே ஏலக்காய் மலையிறங்கி நகருக்கு வந்தபின் நடைபெறும் வேலைகள் பெரும்பாலும் அமர்ந்தே செய்யப்படுபவை. தரம் பிரிக்கும் பெண்கள் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கின்றனர். வணிகர் கணினித் திரைமுன் அமர்ந்து ஏலம் கேட்கிறார். கணக்கர் மேசையை விட்டு எழுவதில்லை. ஜீப் ஓட்டுநரோ இருக்கையில் இருந்தபடியே மலையேறி இறங்குகிறார். மாலையில் உடல் சோர்வதால், போதிய அளவு உடலை இயக்கிவிட்டதாக எண்ணிவிடுகிறோம். சோர்வு வேறு, பயிற்சி வேறு.

இதனை விளக்கும் ஆய்வொன்று 1953-இல் வெளியாயிற்று. ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தனர். நாளெல்லாம் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இதய நோய் குறைவாகக் காணப்பட்டது. இருவரும் ஒரே வண்டியில்தான் பணியாற்றினர்! உடலியக்கத்தின் நன்மையைப் பின்வந்த பல ஆய்வுகளும் உறுதிப்படுத்தின.

"உண்மைதான், ஆனால் நேரம் எங்கே?" என்பது நம்மில் பலரின் கேள்வி. வளர்ந்தவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் கூறியது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நீக்கி, சிறிதளவு இயக்கமும் பயனுடையதே என்றும் தெளிவுபடுத்தியது. நாளொன்றுக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் 150 நிமிடங்கள் நிறைவுறும். கடைக்கும் கோயிலுக்கும் இருசக்கர வண்டியை எடுக்காமல் நடக்கலாம். பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கலாம். அமர்ந்து வேலை செய்வோர் மணிக்கொரு முறை எழுந்து நிற்கலாம். வாரத்தில் இரு நாள், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்ந்தால் கால் தசைகள் வலுப்பெறும். சர்க்கரை நோய், இதய நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நன்று.

இவ்வளவு கூறியபின்னும் ஒருவருக்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை. அவர் நம் இல்லத்துத் தாய். பகலெல்லாம் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு வீடு திரும்பும் அவருக்குத் தண்ணீர்க் குடமும் அடுப்பும் அழுக்குத் துணியும் காத்திருக்கின்றன. அவர் சோம்பலால் நடவாதவர் அல்லர். அவருடைய நேரத்தை நாம் அனைவரும் எடுத்துக்கொண்டோம். தந்தை மாலை நடைக்குச் செல்கிறார். மகன் பந்தாடச் செல்கிறான். அவ்விருவருக்கும் உணவு சமைக்க அவர் வீட்டில் நிற்கிறார். முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் வந்தபின், "உடம்பைக் கவனித்துக்கொள்ளக் கூடாதா?" என்று அவரையே கடிந்துகொள்கிறோம்!

ஆகவே குடும்பத்தில் உடற்பயிற்சி என்பது தனி ஒருவரின் மனவுறுதியைப் பொறுத்தது மட்டுமன்று. வேலைகளைப் பகிர்ந்துகொள்வதையும் பொறுத்தது. மகன் தண்ணீர் பிடிக்கட்டும். மகள் துணி மடிக்கட்டும். தந்தை காய்கறி நறுக்கட்டும். அந்த அரைமணி நேரத்தைத் தாய்க்கு நாம் இடும் பிச்சையாகக் கருத வேண்டாம். அவரிடமிருந்து பெற்றதையே திருப்பித் தருகிறோம்.

இன்று இரவு உணவுக்குப்பின் பாத்திரங்களைப் பிள்ளைகள் கழுவட்டும். கணவனும் மனைவியும் தெருமுனை வரை நடந்து வரட்டும். நாளையும் அவ்வாறே செய்வோம்.