பட்டறைச் சுவடியும் பாதுகாக்கத் தக்கதே

தமிழ்த்துறை மலரில் பந்தயக் காருக்கு என்ன வேலை என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். மணலிக்கு வடமேற்கே, அதிகத் தொலைவில் இல்லாத சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று உண்டு. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. சோழவரத்தின் ஆரவாரமும் ஓய்ந்தது. அங்கு ஓடியவற்றுள் அயல்நாட்டுப் பந்தய வண்டிகள் சிலவே. ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய வீட்டு வண்டிகளே நம் பட்டறைகளில் உருமாறிப் பந்தயத்துக்குச் சென்றன. 1980-களின் இறுதியில் கோவை கரிவரதன் மாருதி எஞ்சினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரையே வடிவமைத்தார். பின்னர் 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அவ்வகை வண்டியே.

அத்தகைய பழைய வண்டி ஒன்றை மீண்டும் ஓடச்செய்ய விரும்புவோர் இன்று படும் பாடு பெரிது. உதிரி உறுப்பு கிடைப்பதில்லை என்பார்கள். அது பாதி உண்மையே. புதுப்பேட்டையில் தேடலாம், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்கலாம், கிடைக்காவிடில் அம்பத்தூரிலோ மணலியிலோ கடைசல் பட்டறையில் மாதிரியைக் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். 1946-இல் எம்.ஆர்.எஃப். பலூன் கொட்டகையாகத் தொடங்கிய திருவொற்றியூரும், அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய எண்ணூரும் அருகிருக்க, இவ்வட்டாரத்தில் கைத்திறனுக்கா பஞ்சம்?

பஞ்சம் அளவுகளுக்குத்தான். தேய்ந்துபோன உறுப்பை மாதிரியாகக் கொடுத்தால் கடைசல்காரர் அந்தத் தேய்மானத்தையே படியெடுத்துத் தருவார். தான் பிறந்தபோதிருந்த அளவை அவ்வுறுப்பு இழந்துவிட்டது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே எத்தனை ஆயிரத்திலொரு அங்குலம் இடைவெளி வேண்டும், சிலிண்டர் தலையின் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி எந்த வரிசையில், எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பனவற்றைப் பழுதுநீக்கும் கையேடே சொல்லும். கனெக்டிங் ராடின் போல்ட் பார்வைக்கு அச்சாக ஒன்றுபோலிருக்கும்; உரிய உருக்கும் உரிய வெப்பப் பதமும் இல்லையெனில் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் அறுந்து எஞ்சினையே பிளந்துவிடும். ஓட்டுபவரின் உயிர் இங்கே ஒரு தாளை நம்பியிருக்கிறது.

கையேட்டின் பயன் இன்னும் ஒன்று உண்டு: எது எதற்குப் பொருந்தும் என்று அது காட்டும். 1960-களில் இங்கிலாந்தின் லோட்டஸ் செவன், எலான் முதலிய வண்டிகளின் முன்சக்கரத் தாங்கி டிரையம்ப் ஹெரால்டின் வகையைச் சேர்ந்தது. அந்த ஹெரால்டே சென்னைக்கு அருகில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் 1961 முதல் உருவாக்கப்பட்டது. அயலார் தேடியலையும் உறுப்பு நம் பழைய இரும்புக் குவியலில் கிடந்து எடைக்குப் போகிறது! உறுப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஏடு இருந்தால் அன்றோ இது விளங்கும்? அவ்வேடுகள் முன்னர் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் வாய்ப்பாவது இருந்தது. 1985-இல் அதுவும் தீக்கிரையாயிற்று.

இத்தகைய ஏடுகளை அறிவுலகம் தாழ்வாகக் கருதுவது முறையன்று. தியார்பக்கிரில் ஆர்த்துக் அரசரிடம் பணியாற்றிய அல்-ஜஸரி, 1206-இல் பொறிகள் பற்றிய தம் நூலை நிறைவுசெய்தார். கைவினைஞர் படித்து மீண்டும் செய்துகொள்ளும்படி அளவுகளையும் செய்முறையையும் படங்களுடன் எழுதிவைத்தார். 1974-இல் டொனால்டு ஹில் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய கோட்டைக் கடிகாரம் மீண்டும் உருவாக்கப்பட்டது. எழுநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பொறியை உயிர்ப்பித்தது பட்டறை நூலன்றி வேறென்ன? முஸ்லிம் முன்னோரின் அறிவியற் புகழை மேடைதோறும் முழங்கும் நாம், இந்தச் சிறு செய்தியை மட்டும் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

நம் மெக்கானிக்குகள் பலர் ஏட்டுக்கல்வி பெறாதவர்கள். ஆங்கிலக் கையேடு கிடைத்தாலும் அவர்களுக்கு அது பூட்டிய பேழைதான். அவர்கள் அறிந்தவையோ எங்கும் எழுதப்படவில்லை. அங்குலத்தின் எட்டிலொரு பங்கை ‘நூல்’ என்பதும், திருகின் வரியை ‘மரை’ என்பதும் பட்டறைத் தமிழ். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962-இலேயே வேளாண்மைச் சொற்களைத் திரட்டித் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதியை வெளியிட்டார். பட்டறைச் சொற்களுக்கு நம் தமிழ்த்துறைகள் ஏன் அப்பணியை மேற்கொள்ளலாகாது? பொறியியல் கல்லூரிகள் செய்யட்டும் என்று ஒதுங்குவது எனக்கு உடன்பாடன்று. சொல்லும் சுவடியும் தமிழ்த்துறையின் பொறுப்பே.

ஆதலின் ஒரு வேண்டுகோள். முதுகலை மாணவர்கள் மணலி, திருவொற்றியூர், இராயபுரம் பட்டறைகளுக்குச் சென்று, முதிய கைவினைஞர்கள் சொல்லும் அளவுகளையும் சொற்களையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்து ஆய்வேடாக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் தம் பரணில் கிடக்கும் ஃபியட், ஹெரால்டு, என்ஃபீல்டு கையேடுகளைப் பழைய தாள்காரரிடம் போடாது கல்லூரி நூலகத்துக்கு அளிக்கலாம். அறிவு அமானிதம் என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிரீஸ் படிந்திருப்பினும் குற்றமில்லை. ஓரங்களில் பென்சிலால் எவரேனும் அளவு திருத்தி எழுதியிருந்தால் அதனை மட்டும் அழித்துவிடாமல் கொடுக்க வேண்டும்.