கதை எங்கே பிறக்கிறது?



கதை ஒன்றைப் படித்து முடித்தவரிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நன்றாக இருந்தது" என்பார்; அல்லது "முடிவு சரியில்லை" என்பார். அதற்குமேல் சொல்ல நமக்குப் பழக்கமில்லை. ஒரு கதை பல்லாண்டு நெஞ்சில் தங்குவதும், மற்றொன்று மறுநாளே மறைந்துபோவதும் எதனால்? அதனை அறியக் கதையின் உறுப்புகளைச் சற்றே பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு அயல்நாட்டு நூல்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. அகப்பாடலுக்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றும் கதைக்கும் பொருந்துவனவே. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது அங்கே வாழும் மனித உள்ளத்தின் உணர்வு.

நம் பாலாற்றங்கரையையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மணலாய்க் கிடக்கும் ஆறு; தோல் பதனிடும் ஆலையின் சுண்ணாம்புக் குழி; முந்தைய தலைமுறையினர் கையாண்ட ஆவாரம்பட்டை, கடுக்காய்; விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்து. ஆம்பூர் முதல் இராணிப்பேட்டை வரை இவை நம் நிலத்தின் கருப்பொருள்கள். ஆயினும் இவற்றை அழகுற அடுக்கிவிட்டால் அது கதையாகிவிடாது. ஊறிய தோலுக்கு வாடை உண்டு என்பது செய்தி. அந்த வாடை தன் தந்தையின் கைகளில் இருப்பதைத் தோழியர் அறிந்துவிடுவார்களோ என்று ஒரு மாணவி அஞ்சுவாளாயின், அங்கே கதை பிறந்துவிட்டது. பள்ளி விழாவுக்குத் தந்தை வந்து வாயிலில் நிற்கிறார். அவள் ஓடிச்சென்று அவர் கையைப் பற்றுவாளா, காணாதவள்போல் உள்ளே செல்வாளா? அவள் எதனைச் செய்கிறாள் என்பதில்தான் அவள் யார் என்பது தெரியும். "அவள் நல்லவள்" என்று ஆசிரியர் பத்து முறை எழுதினும் அத்தெளிவு வாராது.

கருப்பொருளும் உரிப்பொருளும் இணைந்த புதினத்திற்கு டி. செல்வராஜின் 'தோல்' தக்க சான்று. 2012-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நூல், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் கூறுவது. தோலும் சுண்ணாம்பும் அங்கே வெறும் காட்சிப் பின்னணியாக நில்லாமல், மனிதரின் மானத்தோடும் பசியோடும் பிணைந்துவிடுகின்றன.

அடுத்தது கதைப்பின்னல். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சிகள் வருவது பின்னலாகாது. ஒன்றினால் மற்றொன்று விளைதல் வேண்டும். நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த பரமார்த்த குரு கதையைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் உரைநடையில் ஆக்கிய அக்கதை, 1822-இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. ஆற்றைக் கடப்பதில் பட்ட பாட்டினால் குருவுக்குக் குதிரை வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. குதிரையின் விலைக்குப் பணம் போதாமையால் குதிரை முட்டையை வாங்க நேர்கிறது. முட்டையென்று நம்பியது பூசணிக்காய். அது விழுந்து உடைய, அருகே புதரிலிருந்து பாய்ந்தோடிய முயல் குதிரைக் குட்டியாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு விளைவும் அவர்தம் பேதைமையிலிருந்தே முளைப்பதைக் காண்கிறோம். கதைமாந்தரின் குணமே கதையை நடத்துகிறது என்பதற்கு இதனினும் எளிய பாடம் உண்டோ?

மூன்றாவதாக, கதையைச் சொல்பவர் யார் என்னும் கேள்வி. படிப்போர் பெரும்பாலும் கவனியாது விடுவது இதுவே. வடாற்காட்டு மண்ணின் மைந்தரான டாக்டர் மு. வரதராசனார் 1912-இல் திருப்பத்தூரில் பிறந்தவர். 1961-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றுத்தந்த 'அகல் விளக்கு', வாலாசாப் பகுதியில் தொடங்கும் புதினம். அழகும் அறிவும் நிரம்பிய சந்திரன் நெறி தவறி, தொழுநோய்க்கு ஆளாகி அழிகிறான். அவ்வரலாற்றைச் சொல்பவன் அவனுடைய நண்பன் வேலய்யன். பெருந்திறமை இல்லாதவன், ஆனால் நிதானமாக வாழ்ந்தவன்.

சந்திரனே சொல்லியிருந்தால் அது தன் குற்றத்திற்குக் கூறும் சமாதானமாகத் தோன்றியிருக்கும். ஆசிரியரே சொல்லியிருந்தால் தீர்ப்பாக முடிந்திருக்கும். உடன் வளர்ந்த நண்பன் சொல்வதால், கண்டிப்போடு அன்பும் கலந்துவிடுகிறது. நாமும் அந்நண்பனோடு நின்று வருந்துகிறோம். மு.வ.வின் புதினங்களில் அறிவுரை மிகுதி என்று திறனாய்வாளர் குறை கூறுவர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் சந்திரனின் வீழ்ச்சி நம்மை உருக்குவது, அறிவுரைகளால் அன்று. அவனைக் காணும் அந்தக் கண்களால்தான்.

இறுதியாக முடிவு. எல்லாம் சுபமாக முடிய வேண்டும் என்பது நம் ஆசை. லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை மீண்டும் படியுங்கள். இளையவன் திரும்பிவிட்டான், விருந்து நடக்கிறது, மூத்தவனோ சினங்கொண்டு வெளியே நிற்கிறான். தந்தை அவனிடம் பேசுவதோடு உவமை நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே சென்றானா? சொல்லப்படவில்லை. கேட்டவர்களே அதற்கு விடை கூற வேண்டும் என்று கதவு திறந்தே விடப்பட்டிருக்கிறது. நல்ல முடிவு என்பது முடிச்சை அவிழ்ப்பது மட்டுமன்று. வினாவைப் படிப்பவர் கையில் தந்துவிட்டுப் போவதும் ஆகும்.

இவற்றையெல்லாம் குடும்பத்தார் அறிந்துகொள்வதால் பயன் என்ன? தேர்வில் மதிப்பெண் பெறுவதற்காக மட்டுமன்று. 2015-ஆம் ஆண்டு சனவரி 31 அன்று, இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். செய்தித்தாள் நமக்கு 10 என்னும் எண்ணைத் தந்தது; அது அதன் கடமை. கதை உள்ளம் படைத்தவரோ அவ்வெண்ணோடு நின்றுவிட மாட்டார். அவர்களுள் ஒருவர் எந்த ஆசையோடு இத்தனை தொலைவு வந்தார்? ஊரில் யார் அவருக்காகக் காத்திருந்தார்? எந்தத் தேவை அவரை அந்த இடத்தில் படுக்கச் செய்தது? விடை தெரியாவிடினும் இவ்வினாக்கள் எழுந்த அளவில், எண் மறைந்து மனிதர் தோன்றுகிறார். களம், மாந்தர், பின்னல், கூறுவோர், முடிவு என்று நாம் பிரித்துக் கண்டவை யாவும் இந்த ஒன்றுக்காகவே அமைந்தவை.

ஆகவே, அடுத்த முறை வீட்டில் ஒரு கதையைப் படித்தபின், பிள்ளைகளோடு அமர்ந்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இவர் விரும்பியது என்ன? தடுத்தது எது? எதைத் தேர்ந்துகொண்டார்? இதனை நமக்குச் சொல்பவர் யார்? பின்னர், ஆலையில் உழைத்து ஓய்ந்த தாத்தாவிடமும், நாள்தோறும் காலணி தைத்துத் திரும்பும் அத்தையிடமும் இதே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் தங்களை எண்ணிப் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? எண்ணியவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணினான். ஆகவே கணக்கு எப்போதும் குறைந்தது. பிறர் கதையைக் கேட்கும்போது நாமும் அச்சீடர்களைப் போல ஆகிவிடலாகாது. இந்தப் பாலாற்றங்கரைக் கணக்கில் நாமும் ஒருவர்.