பாதயாத்திரைப் பந்தல்களில் விடியலுக்கு முந்தைய ஒலிபெருக்கி



தைப்பூசத்தையொட்டிக் கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழநிக்கு நடந்து செல்வோர் தங்கும் சாலையோரப் பந்தல்களில், வெயிலுக்கு முன் புறப்பட விரும்பும் குழுவினர் அதிகாலை 3 மணிக்கே ஒலிபெருக்கியை முழக்குவது, நள்ளிரவில் வந்து காலில் கொப்புளங்களோடு படுத்த பக்தர்களையும் அருகிலுள்ள ஊராரையும் ஒருசேர வதைப்பதை அவ்வழி நடந்தோர் நன்கறிவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) என வரம்பிடுகின்றன. திருவிழாக்களுக்கு மாநில அரசு தரக்கூடிய தளர்வும் நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடுகிறது. முருகனைத் தேடி நடப்பவரின் உறக்கத்தை முருகன் பெயராலேயே கலைப்பது கொடுமை. பந்தலுக்கு அனுமதி வழங்கும்போதே, 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பதையும், முந்திப் புறப்படுவோர்க்குத் தனியிடம் ஒதுக்க வேண்டும் என்பதையும் காவல்துறை நிபந்தனையாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்