பாலம் கடந்த பிறகு

1989 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் போரிஸ் குரோமோவ் ஆமு தரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்ததோடு, ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை விலகல் நிறைவுற்றது. ஒன்பது ஆண்டுப் போரில் மாண்ட சோவியத் வீரர்கள் சுமார் 15,000 பேர். ஆப்கானியரோ பல லட்சம். காபூலில் சோவியத் ஆதரவு பெற்ற நஜிபுல்லா அரசு சில மாதங்கள்கூடத் தாங்காது என்றே பலரும் கணித்தனர். அது மூன்றாண்டுகள் தாங்கியது; ஜலாலாபாத்தை முற்றுகையிட்ட முஜாஹிதீன் கிளர்ச்சியாளர்களையும் முறியடித்தது. அதைத் தாங்கிப் பிடித்தவை மாஸ்கோ அனுப்பிய ஆயுதமும் எரிபொருளும் உணவும்தான். சோவியத் ஒன்றியம் கலைந்து, 1992 தொடக்கத்தில் அவை நின்றன. வடக்கே அரசுத் தரப்புத் தளபதி தோஸ்தம் அணி மாறினார்; ஏப்ரலில் அரசு கவிழ்ந்தது. நஜிபுல்லா ஐ.நா. வளாகத்தில் தஞ்சம் புகுந்தார். காபூல் மக்களுக்கோ புகலிடமே இல்லை: வென்ற முஜாஹிதீன் குழுக்கள் தமக்குள் மோதி, அந்நகரின் மீதே ராக்கெட்டுகளைப் பொழிந்தன.